சிராவுக்கு எத்தனை வயது வேண்டும்?

சிரா என்ற கருந்திராட்சையில் செய்யும் பிரான்சின் ஒயினைப் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் "அதைப் பத்து வருடமாவது வைக்க வேண்டும்" என்று சொல்லிவிடுவார். சொல்பவர் எந்தச் சிரா என்று கேட்பதில்லை. ரோன் ஆற்றின் எந்தக் கரை, எந்தச் சரிவு, எந்த ஆண்டின் அறுவடை, யார் செய்தது, திராட்சைக் குலையைக் காம்போடு நொதிக்க விட்டாரா, காம்பை நீக்கிவிட்டாரா என்று எதையும் விசாரிக்காமலேயே தீர்ப்பு வந்துவிடும். லியோனில் குடியேறிய நாளிலிருந்து இந்தத் தீர்ப்பைக் கேட்டுவருகிறேன். நல்ல ஒயின்கள் இதனால் வீணாகின்றன என்பதுதான் என் வருத்தம். அலமாரிகளிலும் நிலவறைகளிலும், அவற்றின் நல்ல பருவம் கடந்துபோன பிறகும், யாரோ சொன்ன பத்து வருடக் கணக்குக்காகக் காத்துக்கிடக்கின்றன.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வட ரோன் பள்ளத்தாக்கில், அதாவது வியென் நகரத்துக்கும் வாலான்ஸ் நகரத்துக்கும் இடையில், விளையும் சிராவில் பெரும்பகுதி இளமையிலேயே குடிக்க வேண்டியது. அறுவடைக்குப் பின் இரண்டாம் ஆண்டிலிருந்து ஐந்தாம் ஆண்டுக்குள் அது தன் முழு அழகில் இருக்கிறது. சில சரிவுகளின் ஒயின் மட்டும் பதினைந்து ஆண்டு, இருபது ஆண்டு பொறுத்தால் இளமையில் அதனிடம் இல்லாத வேறொன்றைத் தரும். இந்த இரண்டுக்கும் நடுவில், ஆறாம் ஆண்டிலிருந்து பன்னிரண்டாம் ஆண்டு வரை என்று வைத்துக்கொள்ளலாம், பல நல்ல சிராக்கள் வாயை மூடிக்கொள்கின்றன. எல்லோரும் சொல்லும் பத்து வருடம் சரியாக அந்தக் காலத்தில்தான் போய் விழுகிறது.

இளமையில் அப்படி என்ன இருக்கிறது? அந்தப் பள்ளத்தாக்கின் ஒரு பகுதியான குரோஸ் எர்மித்தாஜின் நல்ல ஒயின் ஒன்றை, அறுவடையான மூன்றாம் ஆண்டில், பதினைந்து பாகைக் குளிர்ச்சியில் திறந்து பாருங்கள். கோப்பையின் விளிம்பு வரை கத்தரிப்பூ நிறம் ஓடியிருக்கும். முதலில் வயலட் பூவின் மணம் எழும். அதன் பின்னால் நாவற்பழத்தை நினைவூட்டும் கரும்பழச் சாறு. பிறகு, யாரோ பக்கத்து அறையில் அம்மியில் தட்டியதுபோல, மிளகு. வாயில் புளிப்பும் துவர்ப்பும் இளசாக, துடிப்பாக இருக்கும். இந்த ஒயினை மேலும் மெருகேற்ற வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அந்த மிளகைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஒயின் சுவைப்பவர்கள் சொல்லும் மணங்களில் பாதி கற்பனை என்று நினைப்பவர்கள் உண்டு. சிராவின் மிளகு கற்பனை இல்லை. 2008-இல் ஆஸ்திரேலிய ஒயின் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் இதற்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற சேர்மத்தை அடையாளம் கண்டு வெளியிட்டார்கள். திராட்சைத் தோலில் இருக்கிறது, ஒயினில் இறங்குகிறது, நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் கருமிளகின் மணத்துக்கும் அதே சேர்மம்தான் காரணம். ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே போதும், மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனால் அதே ஆய்வில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, எவ்வளவு சேர்த்துக் கொடுத்தாலும் அது மணக்கவே இல்லை. ஒரே மேசையில் ஒருவர் மிளகு என்று மகிழ, எதிரில் இருப்பவர் எங்கே என்று தேடுவதற்கு ரசனைக் குறைவு காரணமில்லை. அவர் பிறப்பு அப்படி.

மலபார் மிளகு ரோமாபுரிக்குக் கப்பலேறிய அதே முதல் நூற்றாண்டில், ரோன் கரையிலிருந்த வியென் நகரத்து ஒயினும் ரோமில் பேர்பெற்றிருந்தது. பிசின் வாசனை ஏறிய ஒயின் அது. இன்றைய சிராவோடு அதற்குக் கொடிவழி உறவு இருந்ததா என்பது வேறு கதை. இரண்டும் ஒரே விருந்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க எனக்குப் பிடிக்கும். மிளகு தேசத்தில் பிறந்தவனுக்கு இந்த ஒயின் முதல் வாயிலேயே உறவாகிப் போனதில் வியப்பில்லை.

கொடியின் பூர்வீகத்தைப் பொறுத்தவரை, ஈரானின் ஷிராஸ் நகரத்திலிருந்து சிலுவைப் போர் வீரர் ஒருவர் கொண்டுவந்தார் என்ற கதை இன்னும் உலவுகிறது. 1998-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் ஆய்வாளர்களும் மோன்பெலியே ஆய்வாளர்களும் மரபணுச் சோதனை செய்து அதற்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்கள். தாய் சவுவாப் பகுதியின் மொந்தூஸ் பிளான்ஷ், தந்தை ஆர்தேஷ் பகுதியின் துரேசா. இரண்டும் ரோன் பள்ளத்தாக்கின் அக்கம்பக்கத்துக் கொடிகள்; சிரா அந்த மண்ணின் பிள்ளை.

ரோட்டண்டோன் குளிர்ச்சியை விரும்பும். மெதுவாகப் பழுக்கும் ஆண்டுகளில், நிழல் விழும் சரிவுகளில் அது கூடுகிறது. வெயில் கொளுத்தும் ஆண்டுகளில் குறைகிறது. 2003-இல் ரோன் பகுதியில் ஆகஸ்டிலேயே அறுவடை தொடங்கிவிட்டது. அந்த ஆண்டு ஒயின்களில் வெந்த பழமும் சாக்லேட்டும் நிறைய, மிளகு கொஞ்சம். 2021 நேர் எதிர். ஏப்ரல் தொடக்கத்தில் விழுந்த உறைபனி துளிர்களைக் கருக்கியது. எஞ்சியவை குளிர்ந்த கோடையில் தயங்கித் தயங்கிப் பழுத்தன. விளைச்சல் போனதில் விவசாயிகள் பட்ட பாடு பெரிது. ஆனால் கிடைத்த ஒயின் மெலிந்த உடலும் மிளகும் வயலட்டும் நிறைந்ததாக, அந்தப் பள்ளத்தாக்கின் பழைய குரலில் பேசியது. விமர்சகர்கள் அதைச் சிறிய ஆண்டு என்று ஒதுக்கினார்கள். நான் கண்ணில் பட்டபோதெல்லாம் வாங்கினேன்.

பாட்டிலுக்குள் காலம் என்ன செய்கிறது என்று பார்த்தால்தான் எதைப் பொறுப்பது, எதைப் பொறுக்கக் கூடாது என்பது விளங்கும். ரோட்டண்டோன் எளிதில் சிதைவதில்லை. பல ஆண்டுகள் கழித்தும் இருக்கும். போய்விடுவது அதைச் சூழ்ந்திருக்கும் பூவும் புதுப்பழமும். நிறத்தைத் தரும் ஆந்தோசயனின்கள், துவர்ப்பைத் தரும் டானின்களோடு கோத்துக்கொண்டு பெரிய மூலக்கூறுகளாகின்றன. ஊதா மெல்லச் செங்கல் நிறத்துக்கு மாறுகிறது. ஒரு பகுதி வண்டலாகப் பாட்டிலின் அடியில் தங்குகிறது. நாக்கைப் பிடித்திழுத்த துவர்ப்பு வழவழப்பாகிறது. இன்னொரு பக்கம், திராட்சையிலிருந்தே வந்த கந்தகச் சேர்மங்களிலிருந்து டைமெத்தில் சல்ஃபைடு என்ற பொருள் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுபடுகிறது. முதிர்ந்த சிராவில் கருப்பு ஆலிவும் ட்ரஃபிள் காளானும் மணப்பதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. பதனிட்ட தோல், புகையூட்டிய இறைச்சி, மழைக்குப் பிந்தைய காட்டுமண் என்று பிற மணங்களும் சேர்கின்றன.

வரவும் செலவும் சேர்ந்தே நடக்கின்றன. செலவு எல்லா ஒயினிலும் நடக்கும். பூவும் பழமும் எதிலும் போய்விடும். வரவு மட்டும் எல்லாவற்றிலும் இல்லை. அந்த வரவுக்குப் பாட்டிலில் மூலதனம் இருந்திருக்க வேண்டும்: வயதான கொடிகள், குறைந்த விளைச்சல், பழுத்தும் குன்றாத புளிப்பு, தோலிலிருந்து நன்றாக இறங்கிய டானின். சமவெளியில், கொடிக்கு நிறையப் பழம் விளைவித்து, எளிதாகக் குடிக்கவென்று செய்த ஒயினைப் பத்தாண்டு வைத்தால் பூ போயிருக்கும், பழம் போயிருக்கும், மிளகு மட்டும் வெறும் வாயில் நிற்கும். புளிப்பும் மிளகும் காய்ந்த துவர்ப்புமாக, துணையெல்லாம் போனபின் தனித்து நிற்கும் அந்தச் சுவையை முதிர்ச்சி என்று சிலர் பாராட்டுவதைக் கேட்கும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை.

எந்த மூலதனம் எங்கே இருக்கிறது என்று அறிய லியோனிலிருந்து தெற்கே போகும் ரயிலில் வலப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும். வியென் தாண்டியதும் ஆற்றுக்கு அப்பால் ஆம்புயி கிராமத்தின் மேல் கோத் ரோத்தி என்ற திராட்சைச் சரிவு எழுந்து நிற்கிறது. சில இடங்களில் மிகச் செங்குத்தான சாய்வு. கல் அடுக்கிய சுவர்களுக்கு இடையில் ஒரு வரிசை, இரண்டு வரிசை என்று கொடிகள். மிஸ்திரால் காற்று சாய்த்துவிடாதபடி ஒவ்வொன்றும் மரக்கழிகளில் கட்டப்பட்டிருக்கும். எந்திரம் ஏறாது. மனிதன்தான் ஏற வேண்டும். அதன் பிறகு சான் ஜோசெஃப் மலைகள் மேற்குக் கரையிலேயே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நீள்கின்றன. பிறகு இடப்பக்கம் திரும்பினால், தேன்-லெர்மித்தாஜ் நிலையம் வரும்போது, எர்மித்தாஜ் குன்று தெற்கு வெயிலுக்கு மார்பைக் காட்டிக்கொண்டு நிற்கும். இன்னும் கீழே, வாலான்ஸ் நகரத்துக்கு எதிர்க்கரையில், காற்று புகாத கிண்ணம்போல் வளைந்த சரிவில் கோர்னாஸ்.

சான் ஜோசெஃப் என்ற பெயரை நம்பி மட்டும் முடிவெடுக்கக் கூடாது. 1956-இல் அந்தப் பெயர் சட்டப்படி வந்தபோது அது தூர்னோன், மோவ் போன்ற ஆறு ஊர்களின் கிரானைட் சரிவுகளை மட்டுமே குறித்தது. 1969-இல் எல்லையை வடக்கே வெகுதூரம் நீட்டினார்கள்; சமதளங்களும் பீடபூமிகளும் உள்ளே வந்தன. ஆகவே இன்று ஒரே லேபிளின் கீழ் இரண்டு வகை ஒயின் இருக்கிறது. மோவ், தூர்னோன், சான் ஜான் து முசோல் கிரானைட்டில் பழைய கொடிகளிலிருந்து வருவது பன்னிரண்டு ஆண்டு அழகாகப் போகும். மற்றவை, அதாவது பெரும்பான்மை, வாங்கிய வருடமே மேசைக்கு வர வேண்டியவை. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கச் செய்தவர் பெயரையும் ஊரையும் பார்ப்பது ஒன்றே வழி.

குரோஸ் எர்மித்தாஜ் இன்னும் பெரியது. 1,700 ஹெக்டேருக்கு மேல், வட ரோனிலேயே மிகப் பெரிய பரப்பு. அதன் தெற்குப் பகுதி ஆறு கொண்டுவந்து குவித்த கூழாங்கல் சமவெளி. அங்கே 1985-இல் தன் முதல் அறுவடையைச் செய்த அலேன் கிரையோ, குலையைக் காம்போடு நொதிக்கவிட்டு, சமவெளிக் குரோஸும் பேசும் என்று காட்டியவர். 2022-இல் மறைந்தார். அவர் ஒயினை இளமையிலும் விரும்புகிறேன், எட்டாண்டு கழித்தும் விரும்புகிறேன். ஆனால் குரோஸ் என்று எழுதியிருக்கும் மற்ற பாட்டில்களுக்கு அந்தச் சலுகையைத் தர மாட்டேன்.

கோத் ரோத்தியில் முடிவு சொல்வது கடினம், அதனால்தான் சண்டையும் அங்கே அதிகம். அந்த மண்ணில் சிராவோடு 20 விழுக்காடு வரை வியோனியே என்ற வெள்ளைத் திராட்சையைச் சேர்த்து நொதிக்க விதி அனுமதிக்கிறது; நடைமுறையில் பலர் மிகக் குறைவாகவே சேர்க்கிறார்கள். சேர்ந்தால் மணம் மேலெழும்பும், நிறம் நிலைக்கும். கோத் பிளோந்த் சரிவின் ஒயின் மென்மையானது, சீக்கிரம் திறந்துகொள்ளும். கோத் புரூன் இரும்புச் சத்து நிறைந்த அடுக்குப்பாறை. அதன் ஒயின் முறைத்துக்கொண்டு பிறக்கும். கிகால் குடும்பம் லா மூலின், லா லாந்தோன், லா தூர்க் என்ற மூன்று புகழ்பெற்ற ஒயின்களைப் புதிய ஓக் பீப்பாயில் 42 மாதங்கள் வைக்கிறது. அவ்வளவு ஓக் உள்ளே இறங்கிய ஒயினை ஐந்தாம் ஆண்டில் குடித்தால் பீப்பாயைத்தான் குடிக்கிறோம். அங்கே பொறுமை நியாயமானது. ஆனால் ஓக்கின் வாசனை ஒயினில் கரைவதற்காகப் பொறுப்பது ஒரு காரணம், ஒயின் தானாக வேறொன்றாக மாறுவதற்காகப் பொறுப்பது இன்னொரு காரணம். கோத் ரோத்தியின் வயலட் மணத்துக்காக உயிரையே விடுபவன் நான்; ஓக் குறைவாகத் தொட்ட பாட்டிலை நான்காம் ஆண்டில் திறப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

கோர்னாஸிடம் நான் இப்படிப் பேச மாட்டேன். 1938-இல் பெயர் பதிவான அந்த ஊர், சிவப்பு சிரா ஒன்றைத் தவிர வேறெதையும் கலக்க விடுவதில்லை. பரப்பு சுமார் 150 ஹெக்டேர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இளைஞர்கள் வாலான்ஸ் தொழிற்சாலைகளுக்குப் போய்விட, படிச்சரிவுகள் புதர் மண்டின. சிலர் மட்டும் விடவில்லை. அவர்களில் ஒகுஸ்த் கிளாப், பெரிய வணிகர்களுக்கு மொத்தமாக விற்றுவிடாமல் தானே பாட்டிலில் அடைத்து விற்றவர். 2018-இல் தொண்ணூற்று மூன்று வயதை ஒட்டி மறைந்தார். இன்று கோர்னாஸ் விலை ஏறியிருக்கிறது என்றால் அந்தச் சிலரின் முதுகெலும்பில்தான் ஏறியிருக்கிறது.

2022 குளிர்காலத்தில் தூர்னோனில் அலுவலக நண்பர் ஒருவரின் தந்தை மதிய உணவுக்கு அழைத்திருந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். ஒரே விவசாயியிடம் வருடந்தோறும் கோர்னாஸ் வாங்கி, பாறையில் குடைந்த நிலவறையில் அடுக்குபவர். ஆட்டுக்கால் வறுவலும் பாலேட்டில் வெந்த உருளைக்கிழங்கும் மேசைக்கு வந்தன. அவர் மூன்று பாட்டில்களை வைத்தார்: 2019, 2013, 1999. ஒன்றும் சொல்லாமல் மூன்றையும் ஊற்றி, எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

2019 மை நிறம். பழம் குவிந்து கிடந்தது. துவர்ப்பு ஈறுகளைப் பிடித்தது. ஆட்டிறைச்சியின் கொழுப்பு பட்டதும் பிடி தளர்ந்து, குடிக்கக் குடிக்க நன்றாக இருந்தது. 2013-இல் எதுவுமே இல்லை. கெட்டுப்போகவும் இல்லை. மூக்கைக் கோப்பைக்குள் விட்டால் ஈரக்கல், கொஞ்சம் ரப்பர், அவ்வளவுதான். வாயில் புளிப்பும் துவர்ப்பும் மட்டும். கண்ணாடிக் குடுவைக்கு மாற்றிச் சுழற்றியும் அது மனம் இளகவில்லை. 1999-இல் கருப்பு ஆலிவ், அடுப்பு அணைந்த பின் நிற்கும் புகை, உலர்ந்த ரோஜா, அதன் அடியில், இருபத்து மூன்று வருடத்துக்குப் பிறகும், மிளகு. துவர்ப்பு இருந்த இடம் தெரியவில்லை, ஆனால் அது தந்த நீளம் அப்படியே இருந்தது. விழுங்கிய பிறகும் நெடுநேரம் பேச மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

"நடுவிலிருப்பதை ஏன் திறந்தீர்கள்?" என்று நண்பர் கேட்டார்.

"மூன்றையும் சேர்த்துக் குடித்தால்தானே பொறுத்திருப்பது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும்" என்றார் பெரியவர். "இந்த 2013-ஐ மட்டும் திறந்திருந்தால், கோர்னாஸே இப்படித்தான் போலிருக்கிறது என்று எழுந்து போயிருப்பீர்கள்."

நடுக்காலம் என்று நான் முன்னே சொன்னது இதைத்தான். இளமை மணங்கள் பின்வாங்கியிருக்கும். முதுமை மணங்கள் இன்னும் முன்வந்திருக்காது. டானின் மட்டும் விழித்திருக்கும். சிராவுக்கு இயல்பிலேயே காற்றில்லாத இடத்தில் கந்தக வாசனை கட்டிக்கொள்ளும் குணம் வேறு. உணவகங்களில் எட்டு வயதுக் கோர்னாஸையோ எர்மித்தாஜையோ பெருவிலை கொடுத்து வாங்கி, ஏமாந்து, இந்தப் பகுதியின் மீதே நம்பிக்கை இழந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

எர்மித்தாஜ் தனிச் சாதி. சுமார் 140 ஹெக்டேர், ஒரே குன்று, உச்சியில் ஒரு சின்னத் தேவாலயம். மேற்குப் பக்கம் பெசார் என்ற கிரானைட் சரிவு; நடுவில் லெ மெயால் என்ற கூழாங்கல் வெயில்மேடு; கிழக்கே களிமண். பெசார் எலும்பைத் தருகிறது, மெயால் சதையைத் தருகிறது என்பார்கள். 1481-லிருந்து வழிவழியாகக் கொடி வளர்த்துவரும் ஷாவ் குடும்பம் இந்தத் துண்டுகளைத் தனித்தனியே நொதிக்கவிட்டு, கடைசியில் கலந்து ஒன்றாக்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் போர்தோ வணிகர்கள் தங்கள் ஒயினுக்கு வலுவேற்ற எர்மித்தாஜைப் பீப்பாய் பீப்பாயாக வாங்கிக் கலந்தார்கள். அதை மறைக்கவும் இல்லை, உயர்வாகவே விற்றார்கள். ஜபூலே நிறுவனத்தின் 1961 லா ஷப்பெல் இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த ஒயின்களில் ஒன்றாக இன்றும் பேசப்படுகிறது. இப்படிப்பட்ட குன்றின் நல்ல ஆண்டை, 2010 போன்றதொன்றை, ஐந்தாம் ஆண்டில் திறப்பவரை நான் தடுப்பேன். பதினைந்துக்கு முன் திறக்க வேண்டாம். இருபதுக்கு மேல் போனால் இன்னும் நல்லது.

ஆனால் பெரும்பாலும் அது மேசைக்கே வருவதில்லை. பாட்டில் நூற்றுக்கணக்கான யூரோவுக்குப் போனபிறகு முதலீட்டுப் பொருளாகிவிட்டது. ஒரு கிடங்கிலிருந்து இன்னொரு கிடங்குக்குக் கைமாறுகிறது. செங்குத்துச் சரிவில் முதுகு ஒடிய வளர்த்த திராட்சை, ஒரு தொண்டையையும் நனைக்காமல் விலைப்பட்டியலில் வாழ்வதை நினைத்தால் கோபம் வருகிறது.

முதுமையைப் போற்றுபவர்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய ரோன் ஒயினில் குதிரை லாயம் மணக்கும், வியர்த்த சேணம் மணக்கும், அதுதான் முதிர்ந்த சிராவின் அடையாளம் என்று பலர் நம்புகிறார்கள். பல நேரம் அது பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட்டின் வேலை. சுத்தம் குறைந்த பழைய பீப்பாயில் குடியேறி, ஒயினில் அந்த மணத்தை ஏற்றிவிடும். துளி இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். மிகுந்தால் மண்ணையும் ஆண்டையும் மறைத்து எல்லா ஒயினையும் ஒன்றுபோல் ஆக்கிவிடும். காலம் தந்ததற்கும் அழுக்குப் பீப்பாய் தந்ததற்கும் வேறுபாடு தெரியாமல் முதுமையைப் புகழ்வது, சுத்தமாக வேலை செய்யும் இன்றைய விவசாயிக்கு நாம் செய்யும் அநியாயம்.

இன்றைய ஒயினே மாறிவிட்டதும் கணக்கில் வர வேண்டும். முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் கோர்னாஸ் பல வருடங்களில் முழுதாகப் பழுக்கவே திணறும். பச்சைக் காம்பின் கசப்பும் கரடான டானினும் அடங்கவே பத்தாண்டு பிடிக்கும். பழைய விதி அங்கிருந்து வந்தது. இப்போது கோடைகள் சூடாகிவிட்டன. டானின் பறிக்கும்போதே பழுத்திருக்கிறது, பலர் காம்பை நீக்குகிறார்கள், மென்மையாகப் பிழிகிறார்கள். ஆல்கஹால் 12 விழுக்காட்டிலிருந்து 14-ஐத் தொட ஏறியிருக்கிறது. ஆகவே பழைய ஒயினுக்குத் தேவைப்பட்ட காத்திருப்பு இன்றைய ஒயினில் பலவற்றுக்குத் தேவையில்லை. சூடான ஆண்டுகளில் புளிப்பு குறைந்து பிறந்தவை நெடுநாள் போகுமா என்பதிலும் எனக்கு நம்பிக்கை குறைவு. 2015-ஐயும் 2010-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், 2015 பெருத்திருந்தாலும், நீண்ட பயணத்துக்கு நான் தேர்ந்தெடுப்பது 2010.

சென்னையிலிருந்து சித்தப்பா மகன் அண்மையில் தொலைபேசியில் அழைத்தான். "அண்ணா, விமான நிலையத்தில் ஒரு எர்மித்தாஜ் வாங்கி வந்தேன். படுக்கையறை அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். பாப்பா கல்யாணத்துக்குத் திறக்கலாம் இல்லையா?" பாப்பாவுக்கு வயது மூன்று.

"பாப்பா பள்ளிக்கூடம் போகும் முன் திறந்துவிடு" என்றேன்.

அவனுக்கு வருத்தம்தான். ஆனால் சிரா முதிர்வது 12, 13 பாகையில், வருடம் முழுக்க மாறாத குளிரில், இருட்டில், கிடத்திய நிலையில். சென்னை அலமாரியில் மே மாதம் 35 பாகை. குளிரூட்டி ஓடும் இரவில் 24. மறுநாள் மீண்டும் ஏறும். ஒயின் விரிந்து சுருங்கும்போது தக்கையோரம் காற்று புகும். சூட்டில் வேதிமாற்றங்கள் வேகமாக நடப்பதோடு வேறு திசையிலும் போய்விடுகின்றன. ஆலிவும் ட்ரஃபிளும் வராமல் காய்ச்சிய பழக்கூழ்தான் வரும். ஒயினுக்கான குளிர்பெட்டி இல்லாத வீட்டில் இளமையா முதுமையா என்ற கேள்வியே எழக் கூடாது. குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் வைத்து, அந்த மார்கழிக்குள் குடித்துவிட வேண்டும். எர்மித்தாஜ் என்றாலும் அதேதான். திறந்து இரண்டு மணி நேரம் குடுவையில் விட்டால் இளமையிலும் அது தன் பங்குக்கு நிறையவே தரும்.

என்ன சமைப்பது என்றும் கேட்டான். காரத்தில் மிளகாய் வேண்டாம், மிளகு இருக்கட்டும் என்றேன். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹாலும் டானினும் தூக்கிவிடும். ஒயினும் கசக்கும், நாக்கும் எரியும். மிளகை மட்டும் நம்பிச் செய்த ஆட்டுக்கறி வறுவல், தேங்காய் எண்ணெயில் சுருளச் சுருள வதக்கிய கத்தரிக்காய், இவை இளம் சிராவோடு சேர்ந்து உட்காரும். லியோனில் என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மிளகுக் கறியும் 15 முதல் 25 யூரோ விலையில் ஒரு சான் ஜோசெஃபும் பல வருடப் பழக்கம். பழைய கோர்னாஸுக்கு இவ்வளவு மசாலா ஆகாது. காளானும் வெண்ணெயும், அல்லது உப்பு மட்டும் தூவிச் சுட்ட ஆட்டிறைச்சி போதும். அதற்கு மேல் போனால் அதன் மெல்லிய பேச்சு காதில் விழாது.

பழையதைத் திறக்கும் நாள் வந்தால் இரண்டு நாள் முன்பே பாட்டிலை நிறுத்தி வையுங்கள், வண்டல் அடியில் இறங்கட்டும். தக்கை உதிரும் நிலையில் இருக்கலாம். திருகாணியை அவசரமில்லாமல், நேராக இறக்குங்கள். இளம் சிராவை முரட்டுத்தனமாகக் குடுவையில் கவிழ்க்கலாம், காற்று அதற்கு நல்லது. இருபது வயதானதைக் குடுவைக்கு மாற்றுவது வண்டலைப் பிரிக்க மட்டுமே. வெளிச்சத்துக்கு எதிரே கழுத்தைப் பிடித்து, மெதுவாகச் சாய்த்து, கருநூல்போல் வண்டல் தோள்பட்டைக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். ஊற்றியதும் குடிக்கத் தொடங்குங்கள். தூர்னோனில் குடித்த 1999, ஆட்டுக்கறி தீர்வதற்குள் உச்சத்தைத் தொட்டு, பாலாடைக்கட்டி வரும்போது இறங்கத் தொடங்கியிருந்தது.